படம் பிடிச்சாச்சு, எங்களுக்கு எப்போ காட்டுவீங்க?

இது நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள், கால் மணி நேரம் ஒதுக்கிப் படியுங்கள். முடியாதவர்கள் காலை வணக்கம் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கோபமில்லை.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் பழைய மாணவன் ஒருவன் பார்க்க வந்தான். பேரைச் சொல்லவில்லை, படிக்கும்போது அவனுக்கே தெரியும். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் அவனுக்கு வயிற்று வலி வந்துவிடும். இப்போது பெங்களூரில் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குப் போடுகிற வேலையாம். கேட்கும்போதே எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

திண்ணையில் உட்கார்ந்து செல்போனைக் காட்டினான். "டீச்சர், இதுதான் எங்க புது புராஜெக்ட். ஸ்மார்ட் சிட்டி பைலட். மேல இருந்து சாட்டிலைட் பார்க்கும், கீழ இருந்து ஜனங்க செல்போன்ல தகவல் கொடுப்பாங்க. ரெண்டையும் சேர்த்துட்டா எங்க தண்ணி தேங்குது, எங்க குப்பை சேருது, எங்க மரம் குறையுதுன்னு ஆபீஸ்ல உட்கார்ந்தே தெரிஞ்சிடும். நம்ம வாலிகண்டபுரத்துக்கும் கொண்டு வரலாமா?"

"யாரு ஆபீஸ்லடா?" என்று கேட்டேன்.

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. நானும் சரியாக விளக்கவில்லை. கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். பாதிக் காபியோடு கிளம்பிப் போனான். அன்று சொல்ல நினைத்து முடிக்காமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இந்த வேலைகளில் இருக்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

முதலில் ஒன்று. டீச்சருக்கு வயசாகிவிட்டது, புதுசு எதுவும் பிடிக்கவில்லை என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். 1988 மார்ச்சில் நம் நாட்டின் முதல் தொலையுணர்வு செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ்-1ஏ பறந்தபோது, செய்தித்தாளைக் கத்தரித்து வகுப்புச் சுவரில் ஒட்டியவள் நான். ரஷ்யர்களின் ராக்கெட்டில் போனது. "இனிமே நம்ம ஏரியை மேல இருந்து பார்ப்பாங்க" என்று சொன்னேன். ஒரு பெண் கையைத் தூக்கி, "நாம குளிக்கிறதும் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவ்வளவு சின்னதெல்லாம் தெரியாது என்று சொல்லிச் சமாளித்தேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்துப் பார்த்தால், அந்த வகுப்பிலேயே நல்ல கேள்வி அவளுடையதுதான்.

இந்தக் கண் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பதும் எனக்குத் தெரியும். ஐரோப்பியர்களின் சென்டினல்-1ஏ என்று ஒன்று 2014-ல் மேலே போனது. அது ரேடார் அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. மேகம் மறைக்காது, ராத்திரி ஆனாலும் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கே எதிர்வீடு தெரியாத மழையிலும் அதற்கு வயல் தெரியும். பயிர் வளர வளர எதிரொலி மாறும். அந்த மாற்றத்தை வைத்து இது நெல், இது மக்காச்சோளம் என்று பிரிக்கிறார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலேயே மக்காச்சோளப் பரப்பை இந்தப் படங்களை வைத்து வரைந்திருக்கிறார்கள். 2016-ல் சம்பா பொய்த்தபோது, எந்தெந்த ஊரில் விதைக்கவே முடியவில்லை என்பதைக் காட்டி, காப்பீட்டுப் பணம் சீக்கிரம் கிடைக்க இந்த முறை உதவியிருக்கிறது. அதை நான் மனசாரப் பாராட்டுகிறேன். என் சண்டை அந்தக் கண்ணோடு இல்லை.

என் தம்பி கதையைச் சொல்கிறேன். உறவுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அவனுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி, அரை ஏக்கருக்குக் கிணற்றுப் பாசனம். அந்த வருஷம் மானாவாரியில் மக்காச்சோளம், கிணற்றடியில் சின்ன வெங்காயம், வரப்பு ஓரமாக ஆமணக்கு. கதிர் முற்றி வருகிற நேரத்தில் பெய்யக்கூடாத மழை பெய்தது. தட்டை சாய்ந்து, கதிர் ஈரத்தில் முளைத்துவிட்டது. நிவாரணம் என்று அறிவித்தார்கள். பக்கத்து வயல்காரருக்கு வந்தது, இவனுக்கு வரவில்லை. போய்க் கேட்டால், "உங்க சர்வே நம்பர்ல தரிசுன்னு இருக்குங்க" என்றார்கள்.

தரிசாம்! அவன் விதைத்து, களை எடுத்து, இரண்டு தரம் படைப்புழுவுக்கு மருந்தடித்து, மழையில் இழந்த நிலம்.

அந்தப் பதிவை வானத்திலிருந்து பார்த்து எழுதினார்களா, அறையில் உட்கார்ந்து ஒருவர் தட்டிவிட்டாரா, யாரும் சொல்லவில்லை. எந்த அலுவலகம் என்று நானும் சொல்லப் போவதில்லை. உட்கார்ந்திருந்தவர் நல்ல மனுஷர்தான், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு, என்னால மாத்த முடியாது" என்றார். யாரால் முடியும் என்று கேட்டோம். மேலே கையைக் காட்டினார். அந்த மேலே மாடியா, மாவட்டமா, சென்னையா, செயற்கைக்கோளா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

தம்பி செல்போனில் ஒரு போட்டோ இருந்தது. நிற்கிற மக்காச்சோளத்துக்கு நடுவில் அவன் பேரன் தலை மட்டும் தெரிகிற படம். தேதி இருக்கிறது, இடம் எங்கே என்றும் போனிலேயே பதிவாகியிருக்கிறது. அதைக் காட்டினோம். "இதெல்லாம் சாட்சியா எடுத்துக்க முடியாதுங்க" என்றார்கள். ஐந்து தடவை அலைந்தான். பஸ் காசும் டீ காசும் போனதுதான் மிச்சம். ஆறாவது தடவை நான் போகலாம் என்று கூப்பிட்டபோது, "விடுக்கா, அடுத்த வருசம் பார்ப்போம்" என்றுவிட்டான்.

இப்போது புரிகிறதா பெங்களூர்க்காரனே, உன் 'குடிமக்கள் தரவு' என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஏன் சுருக்கென்றது என்று? குடிமகன் தானாகக் கொண்டு போய்க் கொடுத்த தரவை ஒரு மேஜை திருப்பி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தேன். அவர்களுக்கு வேண்டும்போது நாம் கொடுத்தால் அது தரவு. நமக்கு வேண்டும்போது நாம் கொடுத்தால் அது வெறும் போட்டோ.

கணக்காகவும் ஒரு தடவை பார்த்துவிடுவோம், டீச்சர் புத்தி போகாது. அந்தச் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நூறு சதுர மீட்டர். ஒரு சென்ட் நாற்பது சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆக ஒரு புள்ளிக்குள் இரண்டரை சென்ட் அடங்கும். நம் பக்கம் இரண்டரை சென்டுக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பாத்தி வெங்காயம், வரப்பு, ஆமணக்கு, ஒரு வேப்ப மரத்து நிழல், அதில் கட்டியிருக்கிற ஆடு. எல்லாம் சேர்ந்து ஒரே நிறமாகத் தெரியும். இது செயற்கைக்கோளின் குற்றம் ஆகாது. அந்தத் துறைக்காரர்களே, தரையில் போய்ச் சரிபார்க்காமல் படத்தை நம்பக்கூடாது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சரி, தரையில் யார் போகிறார்கள்? 2024 நவம்பரில் நம் மாநிலத்தில் டிஜிட்டல் பயிர் கணக்கெடுப்பு என்று ஆரம்பித்தார்கள். வி.ஏ.ஓ.க்கள் எங்களால் முடியாது என்று மறுக்க, வேளாண் கல்லூரிப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பினார்கள். படிக்கிற பிள்ளைகள் பாம்பு புற்றுக்கும் முள்ளுக்கும் நடுவே போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அந்த வயலில் விதைத்தவனைக் கேட்டு, அவன் சொன்னதை எழுதி, எழுதியதை அவனிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் நாங்கள் அப்படித்தான் செய்தோம். இந்த நாட்டில் வாத்தியார்கள்தான் முதல் 'ஆப்'. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல், பள்ளிக்கு வராத பிள்ளைகள் கணக்கு, எல்லாம் எங்கள் தலையில்தான் விழுந்தது. 1991-ல் நாம் இன்னும் திருச்சி மாவட்டம். குடையும் பெரிய படிவமுமாக ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து எழுதினேன். 2001, 2011-லும் போனேன். ஒரு வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் அந்த வீட்டு மாமியார் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "டீச்சரம்மா, நாலாவதா ஒண்ணு இருக்கு, தம்பி வீட்ல வளருது, நேத்து சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார். ரப்பர் எடுத்து அழித்துத் திருத்தினேன். அவர் தேடி வந்ததற்குக் காரணம், எழுதினவள் எங்கே கிடைப்பாள் என்று அவருக்குத் தெரியும். இந்த வருஷம் தொடங்குகிற கணக்கெடுப்பில் நீங்களே போனில் பதிந்துகொள்ளலாம் என்கிறார்கள். நல்லதுதான். தப்பாகப் போய்விட்டால் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நிற்பது?

ஸ்மார்ட் சிட்டி என்று அவன் பெருமையாகச் சொன்னானே, அதற்கு வருகிறேன். 2015 ஜூனில் ஆரம்பித்தார்கள். நூறு நகரங்கள். நமக்குப் பக்கத்தில் திருச்சி, தஞ்சாவூர், சேலம் எல்லாம் உண்டு, பெரம்பலூரும் அரியலூரும் கிடையாது. ஏறக்குறைய 8,000 திட்டங்கள், 1.6 லட்சம் கோடி ரூபாய் என்று கணக்குச் சொல்கிறார்கள். 2025 மார்ச்சோடு மூடியாயிற்று. நூறு ஊரிலும் பெரிய பெரிய திரை வைத்த கட்டுப்பாட்டு அறைகள் வந்தன. ஒரே சுவரில் கேமரா, குப்பை வண்டி, தெரு விளக்கு எல்லாம் தெரியுமாம்.

அதில் சேர்ந்த சென்னை தியாகராய நகர் 2021 நவம்பர் மழையில் என்ன ஆனது என்று டி.வி.யில் பார்த்தீர்கள். நடைபாதையெல்லாம் பளபளவென்று போட்ட இடத்தில் முழங்கால் தண்ணீர். பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதாரை வைத்து விசாரணை போட்டார்கள். மழைத் தண்ணீருக்கு எந்தப் பக்கம் சரிவு என்று கேட்டிருந்தால் அந்தத் தெருவில் பூக்கட்டுகிற அம்மா சொல்லியிருப்பார்.

அதே சென்னையில், 2015 டிசம்பர் வெள்ளத்தில் நடந்ததைப் பாருங்கள். அருண் கணேஷ் என்ற இளைஞரும் அவர் நண்பர்களும் இணையத்தில் ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்தார்கள். ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்று எல்லோரும் சேர்ந்து வரைகிற படம். உன் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவைத் தொடு, நிறம் மாறும், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான தெருக்களை மக்கள் தாங்களே குறித்தார்கள். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, உத்தரவும் போடவில்லை. ஏன் குறித்தார்கள்? தான் தொட்ட தெரு அடுத்த நிமிடம் தன் கண் முன்னாலேயே நிறம் மாறியது. வேளச்சேரியில் இருக்கிற அம்மாவைக் கூட்டி வரப் போகிற பிள்ளை, எந்த வழி போகலாம் என்று அதைப் பார்த்தே முடிவு செய்தான். கொடுத்தவனுக்கும் அவனைப் போன்றவனுக்கும் அது உடனே திரும்பி வந்தது. குடிமக்கள் தரவு என்று ஒன்று உண்டானால் அது இதுதான். வயல் பதிவிலும் ஏரிப் படத்திலும் இந்த ஒன்றைத்தான் நான் கேட்கிறேன், வேறெதுவும் கேட்கவில்லை.

எங்களுக்குக் கிடைப்பது எப்படி இருக்கிறது? நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களைக் கேளுங்கள். (இப்போது சட்டத்தையும் பேரையும் மாற்றி 125 நாள் என்கிறார்கள், அது தனிப் பஞ்சாயத்து.) 2023 ஜனவரி முதல், ஒரு நாளைக்கு இரண்டு தரம் வேலை இடத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, இடக் குறியோடு ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பே, 2016-ல் இருந்து வெட்டின குட்டை, போட்ட வரப்பு எல்லாவற்றையும் இஸ்ரோவின் புவன் வரைபடத்தில் புள்ளி வைத்து ஏற்றினார்கள். ஆக மேலேயும் கண், கீழேயும் கண். இவ்வளவுக்கும் பிறகு 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றுகிறார்கள், போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், ஒரே படத்தைப் பல பட்டியலுக்குப் போடுகிறார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதைத் தடுக்க, படங்களை மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டுமாம். சுற்றி வந்து மறுபடி மனிதரிடம்தான் நின்றது. ஆனால் அந்த மனிதர், வேலை செய்த பெண்களின் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, மேலே இருக்கிற ஒருவர்.

கிழவி மண் சுமந்தாளா இல்லையா என்று பார்க்க இத்தனை கண். கல் வெட்டுகிற பள்ளத்தைப் பார்க்க எத்தனை கண்? அதற்கும் ஒன்று உண்டு என்பதைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 2016 அக்டோபரில் மத்திய அரசு சுரங்கக் கண்காணிப்பு ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. பெருங்கனிமச் சுரங்கத்துக்குக் குத்தகை கொடுத்த எல்லையைச் சுற்றி 500 மீட்டர் வரை செயற்கைக்கோள் படத்தில் மாற்றம் தெரிந்தால் எச்சரிக்கை போகும். பொதுமக்கள் புகார் செய்ய செல்போன் செயலியும் விட்டார்கள். சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம். அரியலூர் பக்கம் வீட்டுச் சுவர் அதிர, வாசலில் சிமெண்ட் தூசு படிய வாழ்கிற என் பிள்ளைகளே, உங்களில் எத்தனை பேர் இப்படி ஒரு செயலி இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? அதைப் பற்றி உங்கள் ஊரில் தண்டோரா போட்டார்களா? எனக்கே பேரன் வேறெதையோ தேடும்போது தற்செயலாகத் தெரிந்தது. மழைக்காலத்தில் தெருவுக்குத் தெரு வந்து கொசுப் புழுவைக் காட்டி எங்களைத் திட்டத் தெரிந்த அரசுக்கு, இதைச் சொல்ல ஒரு ஆட்டோவும் மைக்கும் கிடைக்கவில்லையா?

ஏரிக்கு வருவோம். 2023-ல் நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். மொத்தம் 24,24,540 நீர்நிலைகள். அதில் நூற்றுக்கு 97 கிராமத்தில். சரி. ஆக்கிரமிப்பு என்று குறித்தது எத்தனை தெரியுமா? 38,496. நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. நம் பக்கத்து ஏரிக்கரை ஒன்றில் காலையில் நடக்கிற யாரிடமாவது இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே நடப்பார். இன்னொரு வேடிக்கை, நம் ஏரிகளுக்குள் மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலம் மேலேயிருந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்றிருக்கும். கிட்டப் போனால்தான் முள்.

என் மாணவன் அன்று இரண்டு மறுப்பு சொன்னான். இரண்டும் நியாயமானவை, நான் கத்தியதில் அவனுக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஒன்று: "டீச்சர், எல்லாத்தையும் வெளில ஒட்டினா தனிப்பட்ட விவரம் என்ன ஆகிறது?" நல்ல கேள்வி. யார் முகத்தையும் ஆதார் எண்ணையும் போன் நம்பரையும் சுவரில் ஒட்டச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பெண்களின் முகத்தைத் தினம் இரண்டு தடவை எடுத்தவர்களிடம் நீ இந்தக் கேள்வியைக் கேட்டாயா? நான் கேட்பது ஏரியின் எல்லை, ஓடையின் வழி, எந்த சர்வே நம்பரில் எந்தப் பயிர் என்று எழுதியிருக்கிறது, குவாரி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது. இவை யாருடைய அந்தரங்கமும் கிடையாது. ஆனால் நடப்பது தலைகீழ். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்திலும் கை வைத்தது. தனிநபர் தகவல் என்றாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகத்தை எடுத்துவிட்டது. நம்மைப் பற்றி அவர்கள் தெரிந்துகொள்வது சுலபமாகிக்கொண்டே வருகிறது, அவர்களிடம் நாம் கேட்டுத் தெரிந்துகொள்வது கஷ்டமாகிக்கொண்டே வருகிறது.

இங்கே நம் வாலீஸ்வரர் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களை வரிசையாகக் கூட்டிப்போய்ச் சோழர் காலக் கல்வெட்டைக் காட்டினேனே, எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தமிழா டீச்சர்?" என்று கேட்டீர்களே. அந்தக் காலத்துக் கோயில் சுவர்களில் வெட்டியிருப்பதெல்லாம் என்ன? யார் நிலம், எது எல்லை, எவ்வளவு வரி, யார் எதைக் கொடுத்தார். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில் சபைக்கு ஆள் எடுக்கிற விதிமுறையையே சுவரில் வெட்டினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஊர் விவகாரத்தை ஊர்ச் சுவரில்தான் எழுதி வைத்தார்கள். உடனே பொற்காலம் என்று கிளம்ப வேண்டாம். அந்தச் சுவர் பக்கத்தில் எல்லோரையும் விட்டார்களா? விடவில்லை. எழுத்துத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அதனால்தான் கோயில் சுவர் கேட்காமல் ஊராட்சி அலுவலகச் சுவரைக் கேட்கிறேன். யாரும் செருப்பைக் கழற்றாமல் நின்று பார்க்கிற சுவர்.

அவன் சொன்ன இரண்டாவது மறுப்புதான் எனக்குக் கோபம் வரவழைத்தது. "ஜனங்களுக்கு மேப் படிக்கத் தெரியாது டீச்சர்."

டேய், நாலாம் வகுப்பில் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியில் ஊர் வரைபடம் போட்டது மறந்துவிட்டதா? கோனேரிப்பாளையம் போகிற வழியை நீதான் வரைந்தாய், அதுவும் தெற்கு வடக்கு மாற்றி.

அன்று எதிர்வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டேன். ஆடு மேய்க்கிறவர், கைநாட்டு. "இதைப் பாருங்க, மேல இருந்து எடுத்த நம்ம ஊரு" என்று அவன் போனை வாங்கி நீட்டினேன். தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு நகத்தால் ஒரு இடத்தைத் தொட்டார், படம் பெரிதாகிவிட்டது, பயந்து கையை எடுத்துவிட்டார். "இது பழைய படம் தம்பி" என்றார். "இந்தக் கிணத்து மேட்டுல வேப்பமரம் தெரியுது பாரு, அது சாஞ்சு ஒரு வருசம் ஆச்சு." அவன் தேதியைப் பார்த்தான். பதினாறு மாதத்துக்கு முந்தைய படம். அதன் பிறகு பெரியவர் நிறுத்தவில்லை. "இந்தா, இதுதான் வரத்து வாய்க்கா. மலைத் தண்ணி இப்படி வரணும். இங்க ஒரு பாதை போட்டு மண்ணடிச்சு மூடிட்டாங்க. குழாய் வெச்சிருக்கோம்னு சொன்னாங்க, அது வாய்க்காலைவிட உசரத்துல இருக்கு. தண்ணி ஏறிப் போகுமா?" என்று என் மாணவனையே கேட்டார். அவன் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டான். செயற்கைக்கோளுக்குப் பாதை தெரிந்தது. குழாய் உயரத்தில் இருப்பது தெரியவில்லை. ஏரி ஏன் நிரம்பவில்லை என்பதற்கு அந்தக் குழாய்தான் பதில்.

அந்தப் பெரியவர் அன்று கொடுத்தது தரவுதானே? உன் கம்பெனி அதை எந்தக் கட்டத்தில் எழுதும்? யார் பேரைப் போடும்? அவருக்கு அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டுமா, இல்லை சென்னையிலோ டெல்லியிலோ ஒரு திரையில் பச்சைப் புள்ளி ஒன்று கூடுவதோடு முடிந்துவிடுமா? சென்டினல் படத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று நீயே சொன்னாய். ஜெர்மனியில் இருக்கிறவன் நம் ஏரியைப் பார்க்கலாம். ஏரிக்கரையில் இருக்கிறவருக்கு அதை அச்சடித்துக் காட்ட ஆள் இல்லை.

நம் ஊராட்சிகளின் நிலைமையையும் சொல்லியாக வேண்டும். தேர்ந்தெடுத்த தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. திட்டுவதற்குக் கூட நம் ஊர்க்காரர் ஒருவர் நாற்காலியில் இல்லை. இந்த நேரத்தில் 'கீழேயிருந்து தகவல்' என்று ஒரு செயலியைக் கொண்டு வந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிராம சபைதான் மிச்சம். வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால்தான் அந்தத் தேதியே.

என் மாணவனுக்கு நான் கடைசியாக வைத்த கோரிக்கை இதுதான். பைலட் வேண்டுமானால் வாலிகண்டபுரத்தில் நடத்து, நான் தடுக்கவில்லை. அடுத்து எந்தத் தேதியில் கிராம சபை நடந்தாலும், நம் ஊர் ஏரி, வரத்து வாய்க்கால், வயல்கள் தெரிகிற இந்த வருஷப் படத்தைச் சுவர் அளவுக்கு அச்சடித்துக் கொண்டு வா. சர்வே நம்பருக்கு எதிரே என்ன பயிர் என்று அலுவலகத்தில் எழுதியிருக்கிறதோ அதையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் ஒட்டுவோம். ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும். சிவப்புப் பேனா ஒன்று நூலில் கட்டித் தொங்கவிடுவோம். யார் வேண்டுமானாலும் வந்து தப்பு என்று சுழிக்கலாம், எழுதத் தெரியாதவருக்கு நான் எழுதுகிறேன். சுழித்ததைக் கிராம சபைத் தீர்மானமாகப் போட்டு, இன்ன தேதிக்குள் திருத்தினோம், அல்லது இன்ன காரணத்தால் திருத்தவில்லை என்று எழுத்தில் பதில் கேட்போம். பதில் தர ஒரு ஆள், ஒரு பேர், ஒரு மேஜை. அது இல்லாவிட்டால் உன் செயலியை என் போனில் ஏற்ற மாட்டேன், என் பேச்சைக் கேட்கிற யாரையும் ஏற்றச் சொல்லவும் மாட்டேன்.

இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. "டீச்சர், கோவமா? ஆறடிக்கு நாலடி பிரிண்ட் போட்டா போதுமா?" என்று கேட்டிருக்கிறான். போதாது, எட்டடியாவது வேண்டும். எதிர்வீட்டுப் பெரியவருக்குக் கண் புரை. அச்சுச் செலவை என் பென்ஷனில் தருகிறேன். பெரம்பலூரிலோ திருச்சியிலோ பிளெக்ஸ் கடை வைத்திருக்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள். வி.ஏ.ஓ. தேர்வு எழுதி வேலைக்குப் போன மூன்று பேர் உங்களில் இருக்கிறீர்கள், உங்களைத் தனியாகக் கூப்பிடுகிறேன், போனை எடுங்கள்.